தோப்புக்குள் சக்கர நாற்காலி ஓடுமா?

கேள்வி: பேராவூரணிப் பக்கத்து வாசகி, 3 மார்ச் 2024

எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் பின்னால் 40 சென்ட் தோப்பு இருக்கிறது. புங்கன், வேம்பு, இரண்டு புளி, ஒரு நாவல். அதில் சின்னக் குழந்தைகளுக்கு விளையாட்டிடம் அமைப்பதென்று ஊர்க் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்டவர்கள் முப்பது பேர் வருவார்கள். ஒரு பையன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். ஒரு பெண்ணுக்குக் கண் தெரியாது. இன்னொரு பையன் பேசுவதில்லை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். மரத்தை எடுத்துவிட்டு ரப்பர் தரை போடலாம் என்கிறார் ஒருவர். காடு மாதிரி அப்படியே விடுங்கள் என்கிறார் இன்னொருவர். காடு வேண்டுமென்றால் சக்கர நாற்காலி வராது, சக்கர நாற்காலி வேண்டுமென்றால் காடு நிற்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தவறா?

3 மார்ச் 2024, இரவு

பாதி தவறு அம்மா. மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று.

நான் ஓய்வு பெற்ற ஓவர்சியர். கஜா புயலுக்கு அடுத்த வருடம், 2019இல், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு தோப்பில் இதே வேலையைச் செய்தேன். பேத்திக்காகத் தொடங்கினேன். அவளுக்கு மூளை முடக்குவாதம், அப்போது நான்கு வயது. செய்த தவறுகளின் பட்டியல் சரியாகச் செய்தவற்றைவிட நீளம்.

இன்றைக்கு ஒன்றே ஒன்று. மரத்தில் கை வைக்க விடாதீர்கள். சித்திரை வெயிலில் நிழல் இல்லாத கறுப்பு ரப்பர் தரையில் வெறுங்காலோடு அரை நிமிடம் நின்று பார்க்கச் சொல்லுங்கள் அந்த ஒருவரை. பிறகு பேசலாம்.

4 மார்ச் 2024

பாதையிலிருந்து தொடங்குங்கள். ஊஞ்சல், சறுக்கு எல்லாம் பிறகு. நான் ஊஞ்சலிலிருந்து தொடங்கினேன், அதனால்தான் சொல்கிறேன்.

பாதை வளையமாக இருக்கட்டும். முட்டுச் சந்தில் போய் நின்ற குழந்தை யாராவது வந்து திருப்பிவிடக் காத்திருக்க வேண்டும். சக்கர நாற்காலி ஒரே இடத்தில் திரும்ப 5 அடி வேண்டும், இரண்டு நாற்காலி ஒன்றையொன்று கடக்க 6 அடி. நான் 6 அடி போட்டேன். ஒரே வாரத்தில் பால்காரர் அதைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டார்.

சிமெண்ட் தேவையில்லை. மேல்மண்ணை வழித்துவிட்டு 4 அங்குலம் சரளை, அதன் மேல் 2 அங்குலம் கிரஷர் பவுடர் (கல் உடைக்கும் ஆலைத் தூள்), தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் நன்றாக இடிக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் செங்கல்லைச் செங்குத்தாகப் பதித்து 2 அங்குலம் வெளியே தெரிய விடுங்கள். நாற்காலி விளிம்பைத் தாண்டாது, கண் தெரியாத குழந்தையின் கோலுக்கும் அது வழிகாட்டும். அரைக் குடம் தண்ணீரை நாற்காலியில் வைத்து ஒரு சுற்று தள்ளிப் பாருங்கள். பாதி தண்ணீர் மடியில் கொட்டினால் மறுபடி இடிக்க வேண்டும்.

வேர் மேலெழுந்த இடத்தில் வெட்டவும் கூடாது, இடிக்கவும் கூடாது. அங்கே மட்டும் பனஞ்சட்டத்தால் தாழ்வான நடைபாலம். சட்டங்களைப் போகும் திசைக்குக் குறுக்கே போடுங்கள், இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நீளவாக்கில் போட்டால் நாற்காலியின் முன் சக்கரம் இடுக்கில் விழுந்து சிக்கிக்கொள்ளும். குழந்தை முகங்குப்புற விழும். எங்களிடம் விழுந்தது.

மண்மேடு ஒன்று போடுங்கள். 3 அடி உயரம் போதும். 3 அடிக்கு ஏற 30 அடி நீளச் சரிவு.

5 மார்ச் 2024

நேற்றைய சரிவுக் கணக்கை ஒரு தம்பி திருத்தியிருக்கிறார், நன்றி. ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், என்பது விதி, ஆகவே 3 அடிக்கு 36 அடி. ஓவர்சியர் என்று பீற்றிக்கொண்ட மறுநாளே பெருக்கலில் கோட்டை விட்டேன்.

திருத்தத்துக்கு ஒரு திருத்தம். ஒன்றுக்குப் பன்னிரண்டு பெரியவர்களின் கைவலுவுக்குப் போட்ட உச்ச அளவு. நான்கு வயதுக் குழந்தை தானே உருட்டி ஏறவேண்டுமானால் ஒன்றுக்கு இருபது விடுங்கள். 60 அடி. 40 சென்ட்டில் தாராளமாகக் கிடைக்கும், மேட்டைச் சுற்றி வளைத்து ஏற்றலாம். தள்ளிவிட ஆள் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். பேத்தி முதன்முதலில் தானாக மேலே போய்ச் சேர்ந்த அன்று, பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து "தாத்தா கீழேயே இரு" என்றாள்.

9 மார்ச் 2024

எந்தச் செடி நடலாம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் எதைப் பிடுங்குவது என்று பாருங்கள். அரளி, மஞ்சள் அரளி, காட்டாமணக்கு, ஆமணக்கு, ஊமத்தை, எருக்கு. வேலியில் குன்றிமணி படர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். சிவப்பும் கறுப்புமாக அந்த விதை குழந்தையைக் கூப்பிடும். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. காட்டாமணக்குக் கொட்டையை நிலக்கடலை என்று நினைத்துத் தின்று வாந்தியும் பேதியுமாகப் பிள்ளைகள் கூட்டமாக மருத்துவமனைக்குப் போன செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

ஒரு பெரியவர் எங்கள் வேலியோரம் மஞ்சள் அரளி வரிசையாக நட்டிருந்தார். பூஜைக்குப் பூ. பிடுங்கச் சொன்னதற்கு ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. செம்பருத்தி வைத்துக் கொடுத்துச் சமாதானம் ஆனோம்.

9 மார்ச் 2024, சற்றுப் பின்

உங்கள் நாவல் மரம். தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். நாவலும் முருங்கையும் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். ஏறுவதற்குப் புளிதான், வளையுமே தவிர முறியாது. பேய் இருக்கிறது என்று யாராவது தடுத்தால் அதற்கு என்னிடம் மருந்தில்லை.

17 மார்ச் 2024

மரக்கட்டைகளைப் பற்றி.

2018 நவம்பர் 16 காலையில் எங்கள் பக்கம் தென்னை எல்லாம் படுத்துக் கிடந்தது. பனை பெரும்பாலும் நின்றது. வெட்டி அகற்றக்கூடக் கூலி கொடுக்க முடியாமல் ஊரே தவித்தது. அப்போது எனக்கு ஒரு மேதாவி யோசனை: இலவசமாகக் கிடைக்கிற தென்னந்தண்டுகளை அறுத்துத் தாண்டு கட்டைகள், உட்காரும் முண்டுகள், சமநிலைக் கட்டை எல்லாம் செய்துவிடலாம். செய்தோம். படம் எடுத்தோம். அழகாக இருந்தது.

இரண்டு மழை. தென்னைக்கு ஓரம்தான் வலு, நடு எல்லாம் சோறு. நடு உளுத்து, ஒரு முண்டு மேல் ஏறிய பையனின் கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. அடி படவில்லை. காலை வெளியே எடுத்துவிட்டு அவன் குனிந்து உள்ளே பார்த்தான், கையை விட்டான், கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு ஒன்றை எடுத்தான். வளைந்து சுருண்டு, தலை மட்டும் செம்பழுப்பு. காண்டாமிருக வண்டின் புழு. அது உளுத்த தென்னந்தண்டிலும் எருக்குழியிலும் வளர்கிறது, வளர்ந்து வண்டாகி நிற்கிற தென்னையின் குருத்தைத் துளைக்கிறது. கஜாவுக்குப் பின் கடன் வாங்கிப் புதிதாகக் கன்று நட்டிருந்த பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு நான் பண்ணை வைத்து வண்டு வளர்த்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் என்னைச் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து எரித்தோம்.

பிள்ளைகள் மட்டும் அழுதார்கள். புழு இருந்த அந்த இரண்டு வாரத்தில்தான் நடக்கிற குழந்தை, தவழ்கிற குழந்தை, நாற்காலிக் குழந்தை எல்லாரும் ஒரே இடத்தில் தலையோடு தலை மோதிக் கூடியிருந்தார்கள். திட்டம் போட்டு நான் செய்த எதுவும் அப்படிக் கூட்டவில்லை.

ஆகவே பனை. முதிர்ந்த பனையின் வைரம், அதாவது கெட்டிப்பட்ட மரம், ஓட்டு வீட்டுக் கூரையில் தலைமுறை தாண்டும். ஆனால் நிற்கிற மரத்தை இதற்காக வெட்டாதீர்கள். 2021இலிருந்து அதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும், வேண்டாவிட்டாலும் வெட்டாதீர்கள். இடிக்கிற பழைய வீட்டில் கேட்டுப் பாருங்கள். மண்ணில் நேராக நடாமல் கருங்கல் மேல் வைத்தால் கறையான் வருவது கண்ணில் படும்.

2 ஏப்ரல் 2024

2020இல் நான் பலரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை இப்போது திரும்பப் பெறுகிறேன். சக்கர நாற்காலியோடு ஏறி ஆடும் இரும்பு மேடை ஊஞ்சல். எங்கள் செலவிலேயே பெரியது அதுதான்.

மேடை, நாற்காலி, குழந்தை எல்லாம் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும். அது ஆடும்போது குறுக்கே இரண்டு வயதுக் குழந்தை ஓடினால் என்ன ஆகும்? ஆகவே சுற்றிக் கம்பிவேலி. வேலிக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி. சாவி யாரிடம்? ஆக, தோப்பிலேயே பூட்டிக் கிடக்கிற பொருள் ஒன்றுதான், அது என் பேத்திக்கென்று வாங்கியது. திறந்த நாள்களிலும் அவள் வேலிக்குள் தனியாக ஆடுவாள், மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். மிருகக்காட்சிசாலைதான்.

பிறகு புங்கன் மரத்துக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டம் நட்டு 4 அடி அகலத்தில் வலைக்கூடை ஊஞ்சல் கட்டினோம். படுத்துக்கொள்ளலாம், மூன்று பேர் ஒன்றாகக் கிடக்கலாம். உயரம் ஒன்றரை அடி, நாற்காலியின் இருக்கைக்கு ஏறத்தாழ நேர், அதனால் நகர்ந்து மாறிக்கொள்ள முடியும். தூளி மாதிரிதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செலவும் பழையதில் கால்வாசி ஆகவில்லை.

3 ஏப்ரல் 2024

மேடை ஊஞ்சலை எப்படி வேண்டாம் என்பீர்கள் என்று கோபமாக எழுதிய அம்மாவுக்கு. நீங்கள் சொல்வது நியாயம். பெரிய பிள்ளைகள், நாற்காலியிலிருந்து மாறவே முடியாத உடல்நிலை உள்ளவர்கள், அவர்களுக்கு அந்த மேடை ஊஞ்சல் ஒன்றுதான் ஆடுகிற வழி. நான் வேண்டாம் என்று சொன்னது ஆறு வயதுக்குட்பட்ட, தூக்கி மாற்றக்கூடிய குழந்தைகளின் இடத்துக்கு. அதை நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி ஊராட்சியிடம் கேட்கலாமா என்ற கேள்விக்கு: கேளுங்கள். கேட்கும்போது வரைபடத்தையும் கையில் கொண்டுபோங்கள். வெறும் சட்டத்தைக் காட்டினால் வாசலில் ஒரு சாய்தளம் கட்டிக் கைப்பிடிக்கு மஞ்சள் வண்ணம் அடித்து முடித்துவிடுவார்கள். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

21 ஏப்ரல் 2024

கண் தெரியாத பெண்ணுக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. தள்ளிப்போட்டதற்குக் காரணம், இதை எழுதினால் நீளும்.

எங்களிடமும் ஒருத்தி இருந்தாள், ஐந்து வயது. அவளுக்காக வாசனைத் தோட்டம் போட்டேன். துளசி, திருநீற்றுப்பச்சிலை, நொச்சி, எலுமிச்சைப்புல், எல்லாம் இடுப்பளவு திட்டில், தொட வாகாக. அவள் ஒருநாள் மோந்து பார்த்தாள், தும்மினாள், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் தோப்பு முழுக்கத் தனியாகச் சுற்றினாள். எப்படி என்று இரண்டு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அடிபம்பின் கிறீச் ஒலி ஒரு பக்கம். மேட்டின் சரிவு பாதத்துக்குத் தெரிகிறது. நடைபாலத்தில் காலடி டொக் டொக் என்று மாறுகிறது. எல்லாவற்றையும்விட, புங்கனைச் சுற்றிக் கிடக்கும் சருகு. கால் வைத்தால் நொறுங்கும். நொறுங்கல் தொடங்கினால் ஊஞ்சல் நெருங்கிவிட்டது, நின்று கேட்க வேண்டும் என்பது அவள் தானாக வைத்துக்கொண்ட கணக்கு. நான் எந்த அடையாளமும் போடாத இடத்தில் மரம் அவளுக்கு எல்லைக்கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது.

பிறகு கலெக்டர் அலுவலகத்திலிருந்து யாரோ பார்க்க வருகிறார்கள் என்று துப்புரவாகக் கூட்டி வைத்தோம். விளக்குமாற்றுக் கோடு தெரிகிற மாதிரி அப்படி ஒரு சுத்தம். அந்தப் பெண் வந்தாள், பாதையிலிருந்து இறங்கினாள், பத்து அடி நடந்தாள், நின்றாள். காலால் மண்ணைத் தடவினாள். இன்னும் இரண்டு அடி. ஆடிக்கொண்டிருந்த கூடை அவள் தோளில் இடித்தது. பெரிய அடி இல்லை. எழுந்து, "மரத்தை வெட்டிவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

22 ஏப்ரல் 2024

தெரியும், இந்தக் கேள்வி வருமென்று தெரியும். சருகு கிடந்தால் பாம்பு வராதா?

குவித்து வைத்தால் வரும். குப்பை மேடு, விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, எலிப் பொந்து, இவைதான் அதற்கு வீடு. நாங்கள் ஊஞ்சலைச் சுற்றி 8 அடி அகலத்தில் வட்டம் போட்டு, சருகை உள்ளங்கை உயரத்துக்கு மேல் சேரவிடாமல் பரத்தி வைக்கிறோம். தினமும் காலையில் பிள்ளைகள் வருமுன் நீளக் கோலால் ஒரு தடவை கிளறிவிடுவது. மற்ற இடமெல்லாம் கூட்டலாம். மாலை மங்கிய பின் யாரும் உள்ளே கிடையாது. இத்தனை வருடத்தில் ஒரு சாரை, இரண்டு தேள். தேள் இரண்டும் நான் ஆசையாக வைத்த பொந்துக் கட்டைக்குள்ளிருந்து வந்தவை. சருகிலிருந்து வரவில்லை.

6 மே 2024

சத்தத்துக்கு ஓடும் பையனுக்காக. கீற்றால் சிறு குடில், வாசல் இரண்டு. ஒரு வாசல் வைத்தால் உள்ளே இருப்பவன் யாராவது வாசலில் நின்றதும் மாட்டிக்கொண்டதாக நினைத்துக் கத்துவான். வெளியே நிற்கிற பெரியவர்களுக்கு உள்ளே இருப்பவனின் தலை தெரிகிற உயரம் போதும். ஊஞ்சலிலிருந்து தள்ளி, ஆனால் விளையாட்டைப் பார்க்க முடிகிற இடத்தில் வையுங்கள். விலகி உட்கார்ந்தும் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு ஆசை உண்டு.

அதன் வாசலில் நான் மூங்கில் குழாய் மணி தொங்கவிட்டேன். இயற்கை ஒலி என்று ஏதோ படித்திருந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை அதைப் பிய்த்து அடிபம்புத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தது. கருத்துக் கேட்பு முடிந்தது.

சுற்றுவேலி கண்டிப்பாக வேண்டும். இப்படி ஓடும் பிள்ளைகளை நீர்நிலை ஈர்க்கும். தோப்பில் கிணறு இருந்தால் முதல் செலவு கிணற்றுக்குக் கம்பி மூடி. இதைப் பாதைக்கும் முன்னால் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, மன்னிக்கவும்.

19 மே 2024

சறுக்கு. பிளாஸ்டிக்கா, தகரமா என்ற சண்டையில் நான் மூன்றாம் கட்சி: மண்மேட்டின் மேலேயே பதித்த மொசைக் சறுக்கு, பழைய பூங்காக்களில் இருந்ததுபோல. விழ உயரமே கிடையாது. நிழலில் இருந்தால் குளிர்ச்சி.

தகரம் எங்கள் வெயிலில் தோசைக்கல். பிளாஸ்டிக்கில் வேறு ஒரு சங்கதி உண்டு, எனக்கு ஒரு தகப்பனார் சொல்லித்தான் தெரியும். அதில் சறுக்கும்போது நிலைமின்சாரம் சேரும், உலர்ந்த காற்றில் அதிகம். காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்த குழந்தையின் வெளிக்கருவியில் பதிந்த அமைப்பு அதனால் கலைந்துபோகலாம் என்பதால் கழற்றிவிட்டுச் சறுக்கச் சொல்கிறார்கள். புதிய கருவிகளில் பயம் குறைவாம். கழற்றினால் கேட்காது, கேட்காமல் விளையாடுவதா? முதலமைச்சர் காப்பீட்டில் அந்த அறுவை செய்துகொண்ட பிள்ளைகள் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள், உங்கள் ஊரில் விசாரியுங்கள்.

கீழே இறங்குமிடத்தில் மணல். எம் சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) வேண்டாம், முனை கூர், நனைந்தால் இறுகும். ஆற்று மணல் எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். தெரிந்தால் முதலில் என் வீட்டுத் திண்ணையைக் கட்டி முடித்திருப்பேன்.

16 ஜூன் 2024

பின்லாந்து ஆராய்ச்சியைப் பற்றி எழுதிய தம்பிக்கு. ஆமாம், 2020இல் வந்தது. குழந்தைக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத் தரையைப் பெயர்த்துவந்து பரப்பி, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை 28 நாள் அதில் விளையாடவிட்டு, தோலிலும் குடலிலும் நுண்ணுயிர் வகைகளையும் நோய் எதிர்ப்பின் அடையாளங்களையும் பார்த்தார்கள். நல்ல மாற்றம் தெரிந்தது. மகிழ்ச்சி. ஆனால் நம் மண்ணில் கொக்கிப்புழுவும் உண்டு. நாய், பூனை வராமல் மணல்குழிக்கு மூடி, வெளியே வந்ததும் சோப்பு, அங்கன்வாடியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாமை. இவ்வளவும் சேர்த்தால்தான் மண் நல்லது.

அடிபம்புத் தொட்டிக்கு அடைப்பு வைக்காதீர்கள். வழிந்துகொண்டே இருக்கட்டும். தேங்கிய ஒரு சாண் தண்ணீர் தவழும் குழந்தைக்கு ஆபத்து. தொட்டியின் அடியில் முழங்கால் நுழைய இடம் விடுங்கள், நாற்காலிப் பையனும் முகத்தைத் தண்ணீருக்கு நேரே கொண்டுவர வேண்டும்.

25 ஆகஸ்ட் 2024

நேற்று உங்கள் தோப்புக்கு வந்திருந்தேன். மீன்குழம்புக்கு நன்றி. பாதை நன்றாக இருக்கிறது, என்னுடையதைவிட வளைவு அழகு. நடைபாலத்தின் கிழக்கு ஓரத்தில் ஓர் ஆணி தலை தூக்கியிருக்கிறது. பார்த்ததும் சொல்லலாமென்றிருந்தேன், சாப்பாட்டில் மறந்துவிட்டேன்.

மெரினாவில் சக்கர நாற்காலிக்காக 263 மீட்டர் மரப்பாதை போட்டு 2022 நவம்பரில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது, பிறகு பழுது பார்த்தார்கள். உங்கள் நடைபாலம் கடலோரம் இல்லை என்றாலும் ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு கட்டும் ஆட்டிப் பாருங்கள். பழுது பார்க்கிற பணத்தை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். நான் வைக்கவில்லை.

உங்கள் நாற்காலிப் பையன் மேட்டின் உச்சியிலிருந்து இறங்க மறுத்து, எல்லாரையும் வண்டி நிறுத்துகிற போலீஸாக அதட்டிக்கொண்டிருந்தான். அபராதமாக என்னிடம் இரண்டு புளியங்காய் வாங்கினான்.

20 அக்டோபர் 2024

மூன்று நாள் மழை. நீங்கள் அனுப்பிய படம் பார்த்தேன். பாதையின் தாழ்ந்த மூலையில் பவுடர் அரித்துச் சரளை தெரிகிறது, முன் சக்கரம் அங்கே துள்ளும். அடியில் ஒரு குழாய் வைத்துத் தண்ணீரை மறுபக்கம் எடுத்துவிட்டு மேலே மறுபடி இடியுங்கள். அரை யூனிட் பவுடர் போதும், ஈரம் காயுமுன் இடித்தால் நன்றாக இறுகும்.

கூட்டுவதற்குப் புதிதாக ஓர் அம்மா வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். புங்கனடியை விட்டுவிடச் சொல்லுங்கள்.